கள்ளி வளர்ப்போர் ஏன் ஒன்றுசேர வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கள்ளியும் அதுபோலச் சதையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் செடிகளும் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பொட்டலில் சதுரக்கள்ளி, வேலியோரம் திருகுகள்ளி, துவையலுக்குப் பிரண்டை என்று இவையெல்லாம் யாரும் கவனிக்காமலே வளர்கின்றன. விலை கொடுத்து வாங்கி வருகிற சின்னக் கள்ளியும், தடித்த இலைகளை ரோஜாப்பூப்போல அடுக்கி வளரும் எச்செவேரியாவும்தான் ஒரு வருஷம் தாண்டுவதில்லை.

அவற்றுக்கான வளர்ப்புக் குறிப்புகள் வேறு சீமைக்கு எழுதப்பட்டவை என்பதுதான் காரணம். குளிர்காலத்தில் காயப்போடு, கோடையில் தாராளமாகத் தண்ணீர் விடு என்பார்கள். காரைக்குடியிலோ ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை கொட்டுகிறது. சித்திரையில் ராத்திரியும் அனல் தணிவதில்லை. இந்தச் செடிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்றை உள்வாங்கும். இரவும் சூடாக இருந்தால் அந்த வேலை தடைப்பட்டு வளர்ச்சி நின்றுவிடும். அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீரைச் செடி எடுத்துக்கொள்ளாது, வேர் அழுகும். எச்செவேரியாவை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்குமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் நம் வெயிலில் நன்றாகவே பூக்கும். எது தாங்கும், எது தாங்காது என்பதை இதே வெயிலில் வளர்த்தவர்தான் சொல்ல முடியும். அப்படிப்பட்டவர்கள் கூடுகிற இடம்தான் கள்ளி வளர்ப்போர் சங்கம். அமெரிக்காவில் இப்படி ஒரு சங்கம் 1929-லேயே தொடங்கிவிட்டது. இங்கே பத்துப் பேர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டு மாடியில் கூடினாலே போதும்.

மண் விஷயத்தைப் பாருங்கள். நம் செம்மண்ணைச் சட்டியில் தனியாகப் போட்டால் இரண்டு தண்ணீரில் இறுகிவிடும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய இலை உரம், இரண்டு பங்கு உடைத்த செங்கல் போதும். செங்கல் துண்டு மிளகளவிலிருந்து கொண்டைக்கடலை அளவுக்குள் இருக்கட்டும். தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள்; அதுதான் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் செங்கல் சும்மாவே கிடைக்கும். ஆனால் அதில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரை கலவையைக் காரமாக்கிவிடும். வேர் சத்தை எடுக்காமல் செடி வெளிறும். ஒரு துண்டில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, கொத்தி எடுக்க வேண்டும். பெர்லைட், அதாவது எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த லேசான வெள்ளைத் துகள், வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம், விலை குறையும்.

ஒன்றுசேர்வதில் பெரிய லாபம் விதை. பல கள்ளிகளுக்குத் தன் மகரந்தம் தனக்கே ஒத்துக்கொள்ளாது. அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ் அப்படிப்பட்டது. முள்ளே இல்லாமல், பெரும்பாலும் எட்டுப் பிரிவுகளோடு தட்டையாக உட்கார்ந்திருக்கும் உருண்டைக் கள்ளி அது. சொந்த ஊர் டெக்சாஸும் மெக்சிகோவும். காட்டில் அருகிவிட்டதால் அருகிவரும் உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். காட்டிலிருந்து எடுத்த செடியை நாடு விட்டு நாடு விற்க முடியாது. ஆக, வீட்டில் செடி வளர்ப்பவர்களிடமிருந்துதான் விதை வர வேண்டும். உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறதென்றால் எத்தனை பூ பூத்தாலும் காய் பிடிப்பது அபூர்வம். தேவகோட்டைக்காரர் ஒருவரிடம் இன்னொன்று இருந்தால் கதையே வேறு. நடுப்பகலில் பூ நன்றாக விரிந்ததும், மெல்லிய தூரிகையால் ஒன்றின் மஞ்சள் பொடியைத் தொட்டு மற்றதன் நடுவிலுள்ள சூல்முடியில் தடவ வேண்டும். அங்கிருந்து இங்கும் அப்படியே. ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்து எடுத்த இரண்டு பக்கக்கன்றுகள் என்றால் பயனில்லை, இரண்டும் ஒரே செடிதான்.

விதைக்கும் முன் கலவையை இட்லிப் பானையில் அரைமணி நேரம் ஆவியில் வைத்து ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை முந்திக்கொள்ளும். விதையைப் புதைக்காமல் மேலாகத் தூவி, சட்டியைக் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் உறையால் மூடி நிழலில் வைத்தால், புது விதை ஒரு வாரத்துக்குள் முளை காட்டும்.

அடி அழுகிய உருண்டைக் கள்ளியைத் தூக்கி எறிய வேண்டாம் என்பதும் இப்படிக் கூடும்போது தெரியவரும். ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால், பழுப்பு நிறம் துளியும் இல்லாத சதை வரும்வரை மேல்நோக்கிச் சீவிக்கொண்டே போக வேண்டும். மிஞ்சியதை டிராகன் பழக் கள்ளித் தண்டின் வெட்டிய நுனியில் வைத்து, இரண்டின் நடுவில் தெரியும் வளையங்களும் ஓரிடத்திலாவது ஒன்றையொன்று தொடும்படி ரப்பர் பாண்டு போட்டு, பத்து நாள் நிழலில் வைக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் ஒட்டுப்போடாதீர்கள், வெட்டுவாய் காயாது. திருகுகள்ளி வகைகளை வெட்டும்போது பால் கண்ணில் பட்டால் ஆபத்து. உடனே தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

சங்கத்துக்குச் செடி கொண்டுபோவதிலும் ஒரு கவனம் வேண்டும். வேரில் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிவது மாவுப்பூச்சி. அது ஒரு சட்டியிலிருந்து பத்துச் சட்டிக்குப் போகும். நோயான செடியைப் பையில் கட்டியே கொண்டுபோங்கள். அங்கிருந்து வாங்கி வருவதையும் ஒரு மாதம் தனியாக வைத்து, சட்டியிலிருந்து ஒருமுறை உருவி வேரைப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.