பலாப் பலகையில் டூபாக்: வெள்ளை ஏன் மஞ்சளாகிறது, கடதாசி ஏன் உப்புகிறது?

சரி, இன்றைக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்து ஆறுதலாகக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்: “வீட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய பலா அலுமாரிக் கதவில் அமெரிக்க ராப் பாடகர் டூபாக்கின் முகம் கீறினேன். பத்திரிகைத் துண்டுகள் ஒட்டி, மேலே அக்ரிலிக் பூசினேன். கோடையில் செய்தபோது வடிவாக இருந்தது. கொஞ்ச நாளில் வெள்ளை பூசிய இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மாரி தொடங்கியதும் கடதாசி உப்புகிறது. என்ன பிழை? இன்னொன்று, இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் கீறினேன். இதை விற்கலாமா?”

படமும் அனுப்பியிருக்கிறார். தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. தலையில் கட்டிய லேஞ்சியின் முடிச்சு நெற்றிக்கு மேலே எப்படி விழும் என்பதைக் கவனித்துக் கீறியிருக்கிறீர்கள். கை உங்களிடம் இருக்கிறது. சிக்கல் கையில் இல்லை, பலகையில்தான்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? பலா மரத்தின் வைரப் பகுதிக்குள், அதாவது நடுவில் இருக்கிற கெட்டியான மரத்துக்குள், இயல்பாகவே மஞ்சள் சாயம் உண்டு. பலாச் சீவலைத் தண்ணீரில் அவித்து எடுத்த சாயத்தில்தான் அந்தக் காலத்தில் பிக்குமாரின் காவியைத் தோய்த்தார்கள். நீங்கள் பூசிய அக்ரிலிக்கில் தண்ணீர் இருக்கிறது. வெள்ளை பூசும்போது அந்தத் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, சாயத்தை இளக்கி, காயும்போது மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பலா என்று இல்லை, தேக்கு, வேம்பு, சில ரகப் பிளைவூட்டில்கூட இப்படிக் கறை ஏறும். பலாவில்தான் கண்ணில் குத்தும்.

இதற்கு வழி, வெள்ளைக்கு முன்னாலேயே மரத்தை அடைப்பது. பழைய கதவு என்றால் முன்பு அடித்த பொலிஷ் இருக்கும், அதை அரத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிறகு தச்சர்கள் பாவிக்கிற அரக்குப் பொலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அதைப் பூசுங்கள். முதல் பூச்சே கொஞ்சம் மஞ்சள் பிடிக்கும், பயப்பட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு இரண்டாம் பூச்சு. அது காய்ந்த பிறகு மெல்லிய அரத்தாளால் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு, அதன்மேல் வெள்ளை அடித்தளம். இதில் பலபேர் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் பூசுவார்கள். பின்பக்கம், நாலு விளிம்பு, எல்லாவற்றையும் பூச வேண்டும். ஒரு பக்கம் ஈரம் குடித்து மற்றப் பக்கம் குடிக்காவிட்டால் பலகை வளைந்தே தீரும். வாள் வெட்டிய முனைகள்தான் அதிகம் குடிக்கும்.

இப்போது கையில் இருக்கும் படத்தை என்ன செய்வது? ஸ்பிரிட் அக்ரிலிக்கை இளக்கிவிடும். அதனால் காய்ந்த படத்தின்மேல் அரக்குப் பூசி, அதற்கு மேல் மறுபடி வெள்ளை அடிப்பதென்றால் ஒரு மூலையில் முதலில் பார்த்துவிட்டு, தூரிகையை ஒரே போக்கில் இழுத்து விட்டுவிட வேண்டும், திரும்பத் திரும்பத் தேய்க்கக் கூடாது. ஆனால் என்னைக் கேட்டால், அந்த மஞ்சளை அப்படியே விடச் சொல்லுவேன். கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் ஏறியிருக்கிற மஞ்சள், நீங்கள் பூசிய வெள்ளையைவிட உயிராக இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மரத்தை முழுக்க மூடப் போகிறீர்கள் என்றால் மரம் எதற்கு? கன்வஸ் போதும், மலிவு, பாரமும் இல்லை. மரத்தில் செய்கிறோம் என்றால் மரத்தின் நிறத்தையே நடுநிறமாக எடுக்க வேண்டும். நிழலுக்கு மை, வெளிச்சத்துக்கு வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தோல் எல்லாம் வெறும் மரம். சோல்டரிங் அயன் இருந்தால் நிழலைச் சுட்டே எடுக்கலாம், அந்தக் கபில நிறம் எந்தக் குப்பியிலும் கிடைக்காது. மரத்தில் முகம் எழுதுவது புதிதும் இல்லை. எகிப்தில் கிறிஸ்துவுக்குப் பின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் இறந்தவர்களின் முகத்தை மெல்லிய மரப் பலகைகளில், பலதும் மெழுகு கலந்த நிறத்தில், வரைந்து வைத்தார்கள். அந்தக் கண்கள் இன்றைக்கும் நேரே நம்மைப் பார்க்கின்றன. மோனலிசாவும் மரப் பலகைதான், துணி இல்லை.

அடுத்தது கடதாசி. திடமரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. இங்கே ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வாடைக்காற்று மழை, அதற்கு முன் மாதக்கணக்கில் சோளகம் அடித்த காய்ச்சல். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கதவு அகலத்தில் ஏறி இறங்குகிறது. அரைகுறையாய் ஒட்டிய கடதாசி அதனோடு போக முடியாமல் கிளம்புகிறது. மரத்தை அடைக்காமல் ஒட்டியது ஒன்று, பசை கடதாசியின் நடுவில் மட்டும் இருந்தது இன்னொன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உப்பல் எல்லாம் ஓரங்களில்தான்.

ஒட்டும்போது பலகையிலும் பூசுங்கள், கடதாசியின் பின்பக்கமும் பூசுங்கள். வெள்ளை மரப்பசை போதும், கொஞ்சம் தண்ணீர் விட்டு. கடதாசி பசையைக் குடித்து இளகும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு வைத்து, நடுவில் இருந்து வெளியே, பழைய அடிமட்டத்தாலோ பிளாஸ்ரிக் அட்டையாலோ வழியுங்கள், காற்றும் மிச்சப் பசையும் ஓரத்தால் வெளியே வரும்வரை. மேலே பொலித்தீன் போட்டு, பாரம் ஏற்றி, அடுத்த நாள் வரை விடுங்கள். அசல் பத்திரிகையை ஒட்ட வேண்டாம். அந்தக் கடதாசி தானாகவே பழுத்து நொருங்கிவிடும். லேசர் பிரின்ட்டோ போட்டோக்கொப்பியோ எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரின்ட் பசை பட்டதும் மை கசிந்துவிடும்.

உப்பின இடத்தை இப்போதைக்குச் சரிசெய்ய, பிளேட்டால் சின்னதாகக் கீறி, ஊசியில்லாத சிரிஞ்சால் பசை விட்டு, அமர்த்திப் பாரம் வையுங்கள். மழை விட்ட நாளில் செய்யுங்கள்.

இனி, எதை ஒட்டுவது? தம்பி கேட்காத கேள்வி இது, ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது இதுதான். டூபாக்கின் தோளில் நீங்கள் ஒட்டியிருப்பது ஒரு நகைக்கடை விளம்பரமும் வானிலை அறிக்கையும். கைக்கு வந்ததை ஒட்டியிருக்கிறீர்கள். டூபாக்கின் ராப் வளர்ந்த ஹிப் ஹொப் இசை பிறந்த விதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1973 ஓகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிரொங்ஸ், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் குடியிருப்பில் ஒரு விருந்து. ஜமைக்காவில் பிறந்த கூல் ஹேர்க் இசைத்தட்டுப் போடுகிறார். ஆட்டக்காரர்கள் காத்திருப்பது பாட்டில் தாளம் மட்டும் தனியே வருகிற அந்தச் சில வினாடிக்குத்தான் என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு இயந்திரத்தில் வைத்து அந்த இடத்தை நீட்டிக்கொண்டே போனார். பழையதில் இருந்து வெட்டி ஒட்டி எழுந்த இசை இது. ஆனால் எதை வெட்டுவது என்பதில் காது இருந்தது. கலவை ஊடகத்தில், அதாவது கடதாசி, நிறம், மரம் எல்லாம் கலந்து, முகம் செய்கிறவருக்கும் அதே காது வேண்டும்.

நியூயோர்க் ஓவியர் பாஸ்கியாவைப் பாருங்கள். கதவு, ஜன்னல், மரச் சட்டம் என்று கிடைத்ததில் எல்லாம் வரைந்தவர். 1983ல் ரம்மல்சீ, கே-ராப் என்ற இருவரின் ராப் இசைத்தட்டைத் தயாரித்து, உறைக்கு ஓவியமும் தானே கொடுத்தார். அடுத்த ஆண்டு மரச் சட்டங்களை வரிசையாகச் சேர்த்து, பொன் நிறத்தின் மேல் ஒரு பாணனை வரைந்தார். மேற்கு ஆபிரிக்காவில் வம்சக் கதைகளைப் பாடிச் சொல்லுகிற பாணன். சட்டங்களின் இடைவெளி உருவத்துக்குக் குறுக்கே ஓடுகிறது, அதை அவர் மறைக்கவே இல்லை.

அப்ப டூபாக்குக்கு என்ன? அவர் சுட்டுக் கொல்லப்பட்டது 1996 செப்ரெம்பர், 25 வயது. அந்த நேரம் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது? 1995 ஒக்டோபர் 30 போர் நெருங்கி, யாழ்ப்பாண நகரம் அடங்கிய வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்த சனம் கூரையில்லாத வீடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பிக் கடதாசியில் அச்சாகின. அப்படியான பக்கம் ஒன்று உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டுப் பெட்டியிலோ கிடைத்தால், அசலைத் தொடாமல் கொப்பி எடுத்து அதை ஒட்டுங்கள். நீலக் கோடுகளுக்கு மேலே கறுப்பு எழுத்து, அதற்கு மேலே டூபாக்கின் முகம். அப்போது அந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவர்தான் செய்திருக்க முடியும்.

பலாவுக்கும் பொருத்தமான முகங்கள் உண்டு. மிருதங்கத்தின் கட்டை பலா. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சன்ட் டி போல், யான்சனின் மிருதங்கத்துக்கு ராப் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் இருவரையும் பலாவில் செய்யலாம், மரமே பாதி வேலையைச் செய்துவிடும். ராப் பாடகி மாயா, அதாவது எம்.ஐ.ஏ., சின்ன வயதில் இங்கே வளர்ந்தவர், லண்டனில் கலைக் கல்லூரியில் படித்தவர், பாட்டுக்கு முன்பே ஸ்டென்சில் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர். அவரைத் தூரிகையால் கீறுவதைவிட, அட்டையில் வெட்டிய ஸ்டென்சிலால் ஸ்பிரே அடிப்பதுதான் அவருக்குக் கொடுக்கிற மரியாதை. சடை விட்ட ராப் பாடகர் ஒருவரைச் செய்ய நினைத்தால் பழைய வீடு இடிக்கிற இடத்தில் பனஞ்சிலாகை, அதாவது கூரைக்குப் போட்ட பனை மரச் சட்டம், கேளுங்கள். பனைக்கு மற்ற மரங்களைப் போல வளையம் கிடையாது, கறுத்த நார்தான் நீளத்துக்கு ஓடும். நிமிர்த்தி வைத்தால் அந்த நாரே சடை. சிராம்பு ஏறும், கையுறை போட்டுக்கொண்டு தேயுங்கள்.

கடைசியாக, விற்பது. போட்டோ எடுத்தவருக்கு அந்தப் படத்தில் உரிமை இருக்கிறது, இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் போட்டோவைப் படைப்பாகவே பாதுகாக்கிறது. போட்டோக்காரர் லின் கோல்ட்ஸ்மித் 1981ல் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை வைத்து, பேர்பெற்ற அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் செய்த உருவம் ஒன்றை, பிரின்ஸ் இறந்த 2016ல் வோர்ஹோல் அறக்கட்டளை ஒரு சஞ்சிகைக்குக் கொடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே மாதம் 7க்கு 2 என்று போட்டோ எடுத்தவரின் பக்கம் தீர்ப்பு வந்தது. வோர்ஹோல் பெயருக்கே அப்படி என்றால், நாங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே அந்த டூபாக்கை வீட்டில் மாட்டுங்கள், நண்பருக்குக் கொடுங்கள், விற்க வேண்டாம். பழகுவதற்குப் பல படங்களைப் பார்த்து, பல பேட்டிகளைப் பார்த்து, முகத்தின் எலும்பை விளங்கிக்கொண்டு, எந்த ஒரு போட்டோவின் கோணமும் வெளிச்சமும் இல்லாமல் சொந்தமாகக் கீறலாம். அதைவிட நல்லது, உங்கள் ஊரிலேயே மைக் பிடித்துத் தமிழில் ராப் சொல்லுகிற பொடியன்கள் பெட்டைகள் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். ஜன்னல் ஓரமாக இருத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் நீங்களே படம் எடுங்கள். விற்கவும் காட்சிக்கு வைக்கவும் சம்மதம் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அவர்கள் கைப்பட எழுதிய வரிகள் இருக்கிற கொப்பியை ஒருநாள் இரவல் கேளுங்கள், அதன் கொப்பிதான் நீங்கள் ஒட்ட வேண்டிய கடதாசி.