பொது மீட்டரில் தொடங்குங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பசுமை மின்சாரம் என்றாலே முப்பந்தல் காற்றாலை, கமுதியில் 648 மெகாவாட் சோலார் என்றுதான் பேசுவோம். பெருமைதான். நான் இன்று பேச வந்தது நம் மொட்டை மாடியைப் பற்றி.

அபார்ட்மெண்ட்காரர்களைக் கேட்டால், "சோலார் எல்லாம் தனி வீட்டுக்குத்தான் சார், எங்களுக்கு மாடி பொதுவாச்சே" என்கிறார்கள். பொதுவாக இருப்பதுதான் வசதியே! லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் பொது மீட்டரில் ஓடுகின்றன, 2022ல் அதற்குத் தனிக் கட்டணம் வந்து யூனிட் 8 ரூபாய் ஆனபோது எத்தனை சங்கங்களில் மெயின்டனன்ஸ் பணத்துக்காகச் சண்டை நடந்தது என்று உங்களுக்கே தெரியும். முதல் பேனல் அந்த மீட்டருக்குத்தான் போக வேண்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் போதும், நம் ஊர் வெயிலில் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். குடியிருப்போர் சங்கங்களுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. விடிகாலையில் போடும் மோட்டாரை 11 மணிக்கு மாற்றினால் வெயிலே தண்ணீர் ஏற்றிவிடும்.

துணி எங்கே காயப்போடுவது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஸ்டாண்டை எட்டடி உயரத்துக்குத் தூக்கிவிட்டால் கீழே கொடி கட்டலாம். 2016ல் வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்கள் நாம், அதனால் கான்கிரீட் பீடம் போட்டு போல்ட் முறுக்கச் சொல்லுங்கள், வருஷா வருஷம் மழைக்கு முன்னால் யாராவது ஏறி அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் காக்கா எச்சம், தூசி: வெயில் ஏறுமுன் தண்ணீர் விட்டு மென்மையான துடைப்பானால் துடைத்தால் போதும்.

சரி, சென்னை மாநகராட்சி என்ன செய்யலாம்? 2003ல் மாநில அரசு மழைநீர் சேகரிப்பைப் பழைய வீடு, புது வீடு பார்க்காமல் கட்டாயமாக்கியது, ஊரே குழி தோண்டியது. அந்த உறுதி சோலாருக்கும் வரட்டும். பேனல் போட்ட கட்டடத்துக்குச் சொத்து வரியில் சலுகை கொடுங்கள், மாநகராட்சிப் பள்ளி மாடிகளில் நீங்களே முதலில் போட்டுக் காட்டுங்கள். 2025ல் வியாசர்பாடியிலிருந்து மின்சாரப் பேருந்துகள் கிளம்பியதில் எனக்கு மிகவும் சந்தோஷம், ஆனால் அவற்றுக்கு ஏற்றும் மின்சாரத்தில் எண்ணூர் பக்கம் இருக்கும் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் நிலக்கரியும் கலந்திருக்கிறது. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது, அங்கே வலை வீசுகிறவர்களுக்குத்தான் நஷ்டம். நாம் ஏசி போடுவதற்கு எண்ணூர்க்காரர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அடுத்த பொதுக்குழுவுக்குப் போகும்போது பொது மீட்டரின் கடைசி ஆறு பில்களைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு வருஷக் கணக்கு அதிலேயே இருக்கிறது, எத்தனை கிலோவாட் தேவை என்பதை அங்கேயே பேசி முடித்துவிடலாம்.