வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். சொறி சிரங்கு என்றதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். நான் பேச வந்தது கட்டிலோடு கிடக்கிற பெரியவர்களைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் முக்கூடல் பக்கமிருந்து ஓர் ஆச்சியை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் பொருக்கு, சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி உதிர்கிறது. சோரியாசிஸ், அதாவது தொற்றாத செதில் நோய் என்று யாரோ ஸ்டீராய்டு களிம்பு கொடுத்திருக்கிறார்கள். "அரிக்குதா ஆச்சி?" என்றேன். "இல்லய்யா" என்றார். நானும் ஏமாந்திருப்பேன். ஆனால் கூட நின்ற மருமகள் விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டே இருந்தார். கேட்டால், "பீடி இலை ஒத்துக்கலை டாக்டர், ராத்திரி தூங்கவிடாது" என்றார். ராத்திரியும் பீடி சுற்றுகிற சுளகை மடியில் வைத்துக்கொண்டா தூங்குகிறீர்கள் என்றேன். சிரித்துவிட்டார். பேரனுக்கும் இடுப்பில் அரிப்பாம்.

ஆச்சியின் பொருக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிரங்கை உண்டாக்குகிற பூச்சியும் அதன் முட்டையும் மொய்க்கிறது. சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுக்கத் தேடினாலும் 10, 15 பூச்சிதான் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம், சொறியக் கை வராதவர்களிடம், அது ஆயிரக்கணக்கில் பெருகும். அரிப்பும் தெரியாமல் போகலாம். ஸ்டீராய்டு களிம்பு நோயை மறைத்துப் பூச்சியை வளர்க்கும்.

அழுக்கினால் வருவது என்று மருமகளைத் திட்டாதீர்கள். பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கிறது, தாமிரபரணியில் மூன்று வேளை முங்கினாலும் போகாது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை இரவில் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஆச்சிக்குத் தலையிலும் பூசச் சொல்லி, ஐவர்மெக்டின் மாத்திரையும் பல தவணை கொடுத்தோம்.

வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூசுங்கள் என்றேன். தாத்தா மட்டும் "எனக்கென்ன சிரங்கா?" என்று தொடவில்லை. அடுத்த மாதம் வீடே திரும்பி வந்தது! முதல்முறை தொற்றினால் அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அரிக்காதவரும் பூச வேண்டும். திரும்பச் சொல்கிறேன், அரிக்காதவரும்.

கைக்குழந்தைகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: குழந்தைக்கு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள். கர்ப்பிணிகள் ஐவர்மெக்டின் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட வேண்டாம். துணியை வெந்நீரில் துவையுங்கள், முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். அப்புறம், பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும், பயந்து தினமும் களிம்பு பூசாதீர்கள். வணக்கம்.