கோபுரத்துக்கு அடியில் இருக்கும் பாதி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மத்திய அலை, அதாவது மீடியம் வேவ் ஒலிபரப்பு நிலையத்தின் கோபுரத்தைப் பேருந்தில் போகும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு வெளியே வெட்டவெளியில், பட்டை பட்டையாக வண்ணம் பூசிய ஒற்றைக் கம்பம். சுற்றிலும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள். அதைச் சுற்றி ஆள் நடமாட்டமில்லாத பெரிய மைதானம். "இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த நிலத்தைப் பற்றித்தான். அது சும்மா கிடக்கவில்லை. ஒலிபரப்பில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

முதலில் கோபுரத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் உச்சியில் ஏதோ ஒரு கருவி இருந்துகொண்டு அலைகளை அனுப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பண்பலை நிலையத்தில் அப்படித்தான். மத்திய அலையில் கோபுரம் முழுவதுமே ஆன்டெனா. அடியிலிருந்து நுனி வரைக்கும் மின்சாரம் ஓடுகிறது. ஆகவே அது தரையைத் தொடக்கூடாது. அத்தனை டன் இரும்பும் ஒரு பீங்கான் இன்சுலேட்டரின் மேல்தான் நிற்கிறது. ஸ்டே கம்பிகளையும் அப்படியே விட முடியாது. நீளமாக விட்டால் அவையும் ஆன்டெனாவாகிவிடும். அதனால் அவற்றை இடையிடையே துண்டித்து, முட்டை வடிவப் பீங்கான்களைக் கோத்திருப்பார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் கவனித்துப் பாருங்கள்.

சரி, கோபுரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் கேட்டிருப்பீர்கள். அந்த அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 80 மீட்டர் உயரம் இருந்தால் கோபுரம் நன்றாக வேலை செய்யும். சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அதே கணக்குப் போட்டால் 104 மீட்டர் வரும். அதிர்வெண் குறையக் குறைய உயரம் கூடும்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். மின்சாரம் ஒரு சுற்று சுற்றி வந்தாக வேண்டும் என்பது வீட்டு பல்பு எரிவதைப் பார்த்தவர்களுக்கே தெரியும். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. கோபுரத்தில் ஏறுகிற மின்சாரத்துக்குத் திரும்பி வரும் வழி எது? மண்தான். ஆனால் காய்ந்த மண் நல்ல கடத்தி இல்லை. மின்சாரம் அதில் திணறித் திணறி வந்தால் மண் சூடாவதுதான் மிச்சம். அதற்காகத்தான் கோபுரத்தின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் செப்புக் கம்பிகளைப் புதைக்கிறோம். மூன்று டிகிரிக்கு ஒரு கம்பி, மொத்தம் 120. ஒவ்வொன்றும் ஏறக்குறைய கோபுரத்தின் உயரத்துக்குச் சமமான நீளம். 80 மீட்டர் கோபுரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் செப்புக் கம்பி வருகிறது! அதுவும் ஆழத்தில் இல்லை, கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் எட்டுகிற ஆழத்தில்தான் இருக்கிறது.

இந்த 120 என்ற எண் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதில்லை. 1937-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வயலில் கம்பிகளைப் புதைத்து, இரண்டிலிருந்து 113 வரை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் அலையின் வலிமையை அளந்தார்கள். கம்பிகள் குறைவாக இருந்தால் அவற்றை எவ்வளவு நீளமாக இழுத்தும் பெரிய பலன் இல்லை, நெருக்கமாகப் போட்டால்தான் பலன் என்று தெரிந்தது. உலகம் முழுக்க இன்றும் அந்த ஆய்வைத்தான் பின்பற்றுகிறோம்.

மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். பாறை நிலம் மோசம், ஈரமான வயல் நிலம் நல்லது. எல்லாவற்றையும்விடக் கடல் நல்லது. உப்புத் தண்ணீர், காய்ந்த மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் ஒலிபரப்பி, அதாவது டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நேயர்களுக்கான ஒலிபரப்பு அங்கிருந்து போனதற்குக் காரணத்தை வரைபடத்தில் தேட வேண்டியதில்லை. அங்கே அலை கடல் மேலேயே போகிறது.

இதற்கு மேல் நான் சொல்லப்போவது ஒரு நிலையத்தில் நடந்தது. அதன் பெயர் வேண்டாம். 10 கிலோவாட் ஒலிபரப்பி. நேயர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அஞ்சலட்டைதான். "முன்பு போல் எடுப்பதில்லை, இரைச்சல் கூடிவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் தொலைவில் உள்ள கிராமங்கள். ஊருக்குள் இருப்பவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஒலிபரப்பியின் மீட்டரைப் பார்த்தால் 10 கிலோவாட் அப்படியே காட்டுகிறது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை, ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை. நேயர்கள் வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. (இப்போதென்றால் எல்.இ.டி. பல்பையும் செல்போன் சார்ஜரையும் சந்தேகப்படலாம். அவை வானொலிக்குள் போடுகிற இரைச்சல் உங்களுக்கே தெரியும். அன்று அவை கிடையாது.)

அங்கே மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கோபுரத்தின் அடியில் ஓடும் மின்சாரத்தை அவர் மீட்டரில் படிக்கும் விதமே தனி. அந்த மீட்டரின் முள்ளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முள்ளும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றாகும் வரை தலையை நகர்த்துவார். அதற்கப்புறம்தான் எண்ணைச் சொல்வார். புதிதாக வரும் பையன்களிடம், "தம்பி, மேல் வரியப் பாக்காம எழுதுப்பா" என்பார். லாக் புக்கில் மேலே எழுதியிருக்கும் போன மணி நேரத்து எண்ணைப் பார்த்தால் கை தானாக அதையே எழுதும். இரவு டியூட்டியில் தூக்கம் வரும்போது இது எல்லா நிலையத்திலும் நடக்கும். அண்ணன் இருந்த ஷிப்டில் அது நடக்காது.

அந்தக் கடிதங்கள் வந்தபோது அவர்தான் பழைய லாக் புக்குகளைக் கட்டுக் கட்டாக இறக்கி வைத்தார். போன வருடம் 16 ஆம்பியரை ஒட்டி இருந்த மின்சாரம், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 14-க்கு வந்திருந்தது. ஒரே நாளில் விழுந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். இது அப்படி விழவில்லை. கணக்குப் போட்டால், ஒலிபரப்பி கொடுக்கும் பத்து கிலோவாட்டில் இரண்டு கிலோவாட் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ஒலிபரப்பி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதனால்தான் அதன் மீட்டரில் எதுவும் தெரியவில்லை.

மைதானத்தில் இறங்கி நடந்தோம். ஒரு மூலையில் மண் கிளறின மாதிரி இருந்தது. அங்கே தோண்டினால் கம்பி இல்லை! செப்புக்கு நல்ல விலை என்று யாரோ உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு முனை கையில் கிடைத்துவிட்டால் போதும், நிலக்கடலைச் செடியைப் பிடுங்குவது போல மண்ணைப் பிளந்துகொண்டு மிச்சமும் வந்துவிடும். ஒரே இரவில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆன்டெனாவைச் சுற்றி வேலி போட்டிருந்த இடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதற்கு வெளியேதான் போயிருந்தது.

புதுக் கம்பி வாங்கிப் புதைத்தோம். இணைப்புகளை ஈயப்பற்று வைக்காமல் வெள்ளி கலந்த பற்றாசு வைத்து இணைத்தோம். சாதாரண ஈயப்பற்று மண்ணில் சீக்கிரம் அரித்துவிடும். வேலை முடிந்து ஒலிபரப்பியைப் போட்டதும் அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றார். "ஏறிடுச்சு தம்பி" என்றார்.

மறுபடியும் சொல்கிறேன். பெரிய கோளாறு வந்தால் நிலையம் தானே நின்றுவிடும், பத்து பேர் ஓடி வருவார்கள். மெதுவாகத் தேய்கிற கோளாறுக்கு எந்த அலாரமும் அடிக்காது. மணிக்கு ஒரு தடவை கண்ணால் பார்த்து எழுதிய எண்தான் அதைக் காட்டும். இப்போது கம்ப்யூட்டர் தானே எண்களைப் பதிவு செய்கிறது, நல்லதுதான். ஆனால் அதைத் திறந்து போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நியமிக்காமல் கருவியை மட்டும் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நேரம் ஓடிவிட்டது, அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மின்னலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடி மின்னல் நேரத்தில் ஒலிபரப்பு ஒரு கணம் நின்று மறுபடி வருவதை நீங்கள் கேட்டிருக்கலாம். கோபுரத்தின் அடியில் இரண்டு உலோகக் குண்டுகள் சிறு இடைவெளி விட்டு இருக்கும். மின்னல் அந்த இடைவெளியைத் தாண்டி மண்ணுக்குப் போய்விடும். மின்னல் போன பிறகும் ஒலிபரப்பியின் மின்சாரம் அங்கே பொறியை எரிய வைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பொறியை அணைப்பதற்காகத்தான் ஒலிபரப்பி ஒரு நொடிக்கும் குறைவாக நிற்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் குண்டுகளைத் துடைத்து இடைவெளியை அளப்பது கட்டாயம்.

சமுதாய வானொலி நடத்தும் இளைஞர்களுக்காக நிறைய வைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிறகு இந்த நிலையங்கள் பெருகிவிட்டன. உங்களுடையது பண்பலை, கோபுரமும் சிறியது. உங்களுக்கு எதிரி மழைத் தண்ணீர். கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால், ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவர் கூடும். ஒலிபரப்பியில் அதற்கான மீட்டர் இருக்கிறது. முதல் மழைக்கு முன்னால் அந்த எண்ணை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், மழை விட்டதும் மறுபடி எழுதுங்கள். கூடியிருந்தால் அன்றைக்கே மேலே ஆள் அனுப்பி இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.