சரளைக்கடியில் ஒரு குளிர்காலம்

அவையோர்க்கு வணக்கம். அட்லாண்டிக் சால்மனும் அதன் நெருங்கிய உறவான பழுப்பு டிரவுட்டும் இலையுதிர்காலத்தில் முட்டையிடுகின்றன என்று கேட்கும்போது, குஞ்சுக்கு இரை அரிதாகும் குளிர்காலத்தின் வாசலில் ஏன் இந்த அவசரம் என்று தோன்றும். தாய் மீன் வாலால் ஆற்றடிச் சரளையைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, கல்லால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. அதன்பின் நாள் குறிப்பது பெரும்பாலும் கற்களின் இடையே ஓடும் நீரின் வெப்பம்தான்.

டிரவுட்டின் முட்டை 10 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 40 நாளில் பொரியும். 5 டிகிரியில் ஏறத்தாழ இரு மடங்கு நாளாகும். வெப்பநிலையை நாட்களால் பெருக்கினால் இரண்டிலும் 400 அளவில் வருகிறது. ஆனால் இந்தக் கணக்கை எங்கும் நம்பிவிடலாகாது. 2 டிகிரியில் அது 200 நாள் என்று சொல்லும். முட்டையோ சுமார் 150 நாளிலேயே பொரிந்துவிடுகிறது. கடுங்குளிரில் கருவுக்குக் குறைந்த பெருக்குத்தொகையே போதுமாக இருக்கிறது.

பொரிந்தவுடன் குஞ்சு வெளியே வருவதில்லை. வயிற்றில் தொங்கும் பையிலுள்ள மஞ்சட்கருவை உண்டபடி இன்னும் சில வாரங்கள் சரளைக்குள் கிடந்து, அது தீரும் தறுவாயில், பெரும்பாலும் இரவில், மேலெழுகிறது. அந்த நாள்தான் முக்கியம். முந்தினால் பனியுருகிப் பெருகும் குளிர்வெள்ளம் அடித்துச் செல்லும். பிந்தினால் நல்ல இடங்களை முந்தியவை பிடித்திருக்கும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பிளாக் பிரௌஸ் பெக் என்னும் சிற்றோடையில் ஜே. எம். எலியட் பல்லாண்டுகள் டிரவுட்டை எண்ணிப் பார்த்து, மேலெழுந்த முதற்சில வாரங்களிலேயே நெரிசலால் பெருஞ்சாவு நேர்ந்து, அத்தலைமுறையின் அளவு ஏறத்தாழ முடிவாகிவிடுவதைக் காட்டினார்.

ஆகவே தாயின் அவசரத்துக்குப் பொருளுண்டு. நார்வேயில் குளிர்காலம் கடுமையான ஆறுகளின் சால்மன்கள் முன்னதாகவும், மிதமான ஆறுகளில் உள்ளவை பின்னதாகவும் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் முதல் இரை தேடும்போது நீர் பெரும்பாலும் 8 டிகிரியை எட்டியிருக்கிறது. இதைத் தாயின் அறிவு என்பதைவிட, காலம் தவறிய தாய்களின் வழித்தோன்றல்கள் மிஞ்சவில்லை என்பதே பொருத்தம்.

இந்தப் பொருத்தத்தை மின்னுற்பத்தி அணை குலைத்துவிடக்கூடும். ஆழமான நீர்த்தேக்கத்தின் அடிநீர் குளிர்காலத்தில் இயற்கை ஆற்றைவிட 2 டிகிரி வெதுவெதுப்பாக இருந்தாலே 120 நாளில் அந்தப் பெருக்குத்தொகையில் 240 கூடிவிடும். முட்டை முன்னதாகப் பொரியும். அதே அணை இளவேனிலில் இயல்பைவிடக் குளிர்ந்த நீரை விடுவதால், முந்தி எழுந்த குஞ்சுகள் வெப்பமும் இரையும் பிந்தி வரும் ஆற்றில் நிற்க நேர்கிறது.