15 போட்டி, 15 வெற்றி: அந்த எண்ணுக்குப் பின்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

"15 போட்டி, 15 வெற்றி, தோல்வியே கிடையாது." தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றி இப்படிச் செய்தி வந்தால், உடனே வியந்துவிடாதீர்கள். யாரோடு மோதினார், அந்த எதிராளியைப் பிடித்துவந்தது யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். அதற்குப் பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங், 2015-இல் தொழில்முறைக்கு மாறி மான்செஸ்டரில் முதல் போட்டியை ஆடினார். முதல் 12 போட்டிகளிலும் வெற்றி. 2021-இல் கோவாவில்தான் முதல் தோல்வி. ஒலிம்பிக்கில் யாரோடு யார் மோதுவது என்பது குலுக்கலில் முடிவாகிறது. உலகின் முதல்நிலை வீரரே முதல் நாளில் எதிரே வந்து நிற்கலாம். தொழில்முறையில் எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் ப்ரமோட்டர். அரங்கை வாடகைக்கு எடுத்து, தொலைக்காட்சியோடு பேசி, நட்டம் வந்தால் தாங்க வேண்டியவரும் அவரே.

பிரிட்டனின் சிறிய அரங்குகளைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அங்கே புதிய வீரர் தன் ஊர்க்காரர்களிடம் தானே டிக்கெட் விற்கிறார். அந்தப் பணத்திலிருந்துதான் எதிராளியின் சம்பளமும் பயணச் செலவும் போகின்றன. மிச்சம் இருந்தால்தான் அந்தப் புதிய வீரருக்கு. தான் செலவு செய்து அழைத்த எதிராளியிடமே தோற்றால் அடுத்த முறை டிக்கெட் விற்காது. ஆகவே அழைக்கப்படுபவர், அனுபவம் உள்ள, ஆனால் வலுவான குத்து இல்லாத ஒருவர். பர்மிங்ஹாமின் பீட்டர் பக்லி 2008-இல் ஓய்வுபெற்றபோது 300 போட்டிகளை முடித்திருந்தார்: 32 வெற்றி, 256 தோல்வி, 12 சமன். அவரைத் திறமையற்றவர் என்று நினைத்தால் தவறு. கடைசி நேரத்தில் அழைத்தாலும் வந்து, காயமில்லாமல் நான்கு சுற்றை முடித்து, அடுத்த வாரமே வேறோர் ஊரில் ரிங் ஏறுவது அரிய தொழில்திறன். இத்தகைய வீரருக்குப் புள்ளியில் தோற்பதில் நட்டமில்லை. அடிபட்டு விழுந்து எழ முடியாமல் நாக் அவுட் ஆனால்தான் நட்டம். மருத்துவத் தடை வந்து வாரக்கணக்கில் வருமானம் நின்றுவிடும்.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நான்கு சுற்றுக்கு மூச்சை அளந்து செலவிடத் தெரியாதவரைப் பத்துச் சுற்றுக்கு அனுப்புவதுதான் ஆபத்து. 4, 6, 8, 10 என்று படிப்படியாக ஏற வேண்டும். பதினைந்தாவது போட்டியிலும் அதே தரத்து எதிராளிதான் என்றால், அங்கே கற்றல் முடிந்து கணக்குக் காட்டுவது தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து பட்டங்கள். கிரிக்கெட்டுக்கு ஐசிசி இருப்பதுபோல இதற்கு ஒரே தலைமை அமைப்பு இல்லை. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் வழங்குகின்றன. எடைப்பிரிவுகளோ அமைப்பைப் பொறுத்து 17 அல்லது 18. எனவே ஒரே எடையில் ஒரே நேரத்தில் நான்கு உலக சாம்பியன்கள் இருக்க முடியும். பட்டப் போட்டி நடந்தால் வீரரின் ஊதியத்தில் ஒரு பங்கு, வழக்கமாக 3 சதவீதம் வரை, அமைப்புக்குப் போகிறது. பட்டங்கள் ஏன் பெருகின என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இருந்தாலும் இந்த அமைப்புகள் செய்யும் ஒரு நல்ல வேலை உண்டு. சாம்பியன் குறிப்பிட்ட காலத்துக்குள் அமைப்பு குறித்துத் தரும் கட்டாயப் போட்டியாளரைச் சந்தித்தாக வேண்டும். இரு தரப்பும் பேசி முடிக்காவிட்டால் ஏலம்: ப்ரமோட்டர்கள் மூடிய உறையில் தொகை எழுதித் தர, அதிகம் எழுதியவர் போட்டியை நடத்துவார். சாம்பியன் மறுத்தால் பட்டம் பறிபோகும்.

புள்ளிகளுக்கு வருவோம். பெரிய போட்டிகளில் ரிங் ஓரத்தில் மூன்று நடுவர்கள். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒரு முறை கீழே விழுந்தால் பெரும்பாலும் 10-8. 2017-இல் கனேலோ அல்வாரெஸ், கெனாடி கோலொவ்கின் மோதிய போட்டியில் ஒரு நடுவர் 118-110 என்று கனேலோவுக்குக் கொடுத்தார். பிரித்துப் பாருங்கள்: பன்னிரண்டில் பத்துச் சுற்று அவருக்கு. இன்னொரு நடுவர் 115-113 என்று கோலொவ்கினுக்கு, அதாவது ஏழுக்கு ஐந்து. மூன்றாமவர் 114-114. முடிவு சமன். மயிரிழையில் வென்ற சுற்றுக்கும் முழுதாக ஆதிக்கம் செலுத்திய சுற்றுக்கும் ஒரே 10-9 என்பதுதான் இந்த முறையின் ஓட்டை. நெருக்கமான சுற்றுகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், கண்ட சண்டைக்கும் தாளில் உள்ள எண்ணுக்கும் தொடர்பே இல்லாமல் போகும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உங்கள் புள்ளியை உடனே தாளில் எழுதுங்கள். கடைசியில் எழுதினால் கடைசி இரண்டு சுற்றுகள்தான் நினைவில் நிற்கும்.

பட்டப் போட்டிகள் முன்பு 15 சுற்று. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காவது சுற்றில் விழுந்து, சில நாள்களில் மூளைக் காயத்தால் இறந்தார். அதையடுத்து டபிள்யூபிசி 12 சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னர் அதைப் பின்பற்றின. 1991-இல் லண்டனில் கிறிஸ் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் மூளையில் இரத்தம் கட்டி நிரந்தர ஊனமுற்றார். ரிங் ஓரத்திலேயே உயிர்காக்கும் சிகிச்சைக்கு ஏற்பாடு இல்லாததற்குப் பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. மூளையில் இரத்தம் கட்டும்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆம்புலன்ஸும் தகுந்த மருத்துவரும் அரங்கில் இல்லாமல் மணி அடிக்கவே கூடாது.

மணி அடிப்பதற்கு முந்தைய நாளிலும் ஆபத்து உண்டு. எடை பார்ப்பது பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாளில் என்பதால், வீரர்கள் நீராவிக் குளியலிலும் தண்ணீர் குடிக்காமலும் பல கிலோ குறைத்து, பிறகு அதை மீட்கிறார்கள். சரியாக மீளாத உடலோடு ரிங் ஏறுபவர் அடி தாங்க மாட்டார். பட்டப் போட்டி நாளன்று காலை மறுபடி எடை பார்த்து, வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று ஐபிஎஃப் வைத்த விதி நியாயமானது. எல்லோரும் பின்பற்ற வேண்டும்.

நாக் அவுட் ஆனவருக்கு மருத்துவத் தடை விதிக்கப்படும். அமெரிக்காவில் ஒரு மாநிலம் தடுத்தவரை இன்னொரு மாநிலம் அனுமதிக்கக் கூடாது என்று 1996-இல் சட்டமே வந்தது. நாடு தாண்டினால் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே ஒரு வீரரின் பதிவைப் பார்க்கும்போது வெற்றிகளை மட்டும் எண்ணாதீர்கள். தோல்விகளில் எத்தனை நாக் அவுட், அவற்றுக்கிடையே எத்தனை நாள் இடைவெளி, எந்தெந்த நாட்டில் என்று பாருங்கள். சில வார இடைவெளியில் வெவ்வேறு நாடுகளில் நாக் அவுட் ஆகியிருந்தால், கேள்வி கேட்க வேண்டியது அவரை மீண்டும் மீண்டும் ரிங் ஏற்றியவர்களை.

நன்றி, வணக்கம்.