தாங்குகிறதா, தொங்குகிறதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'அடிப்படை' என்ற சொல் இன்றைய தமிழில் தாங்குகிறதா, தொங்குகிறதா என்பது தலைப்பு. தொங்குகிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். சந்தோஷமாகச் சொல்லவில்லை, மனசு கேட்காமல்தான் சொல்கிறேன்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அடி, படை. இது போர்ப்படை அல்ல. படை என்றால் அடுக்கு. நாம் ஓசோன் படலம் என்பதை இலங்கைத் தமிழர்கள் ஓசோன் படை என்கிறார்களே, அந்தப் படை. எல்லா அடுக்குக்கும் கீழே கிடந்து மொத்தப் பாரத்தையும் சுமப்பது அடிப்படை. அதை உருவினால் மேலே இருப்பது சரிய வேண்டும். சரிகிறதா என்று பார்ப்பதுதான் என் சோதனை.

எதிரணித் தலைவர் மூன்று உதாரணம் சொன்னார்: அடிப்படை ஊதியம், அடிப்படை உரிமை, அடிப்படைக் கட்டமைப்பு. மூன்றும் தாங்குகின்றன, மறுக்கவில்லை. ஊதியத்தில் அடிப்படை மாறினால் அதை வைத்துக் கணக்கிடும் அகவிலைப்படியும் மாறுகிறது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7க்கு 6 என்று பிரிந்து நின்று, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தம் என்ற பெயரில் நாடாளுமன்றம் குலைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். அங்கே அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் தீர்ப்பே இல்லை!

ஆனால் நாள் முழுக்க நம் காதில் விழுவது அந்த மூன்றா? நான் எழுத்துத் திருத்துகிற வேலை பார்ப்பவள். தினமும் என் மேசைக்கு வருகிற வாக்கியத்தின் மாதிரி இது: "தகுதியின் அடிப்படையில் தேர்வு செய்யப்படுவோர், தேவையின் அடிப்படையில், ஓராண்டு ஒப்பந்த அடிப்படையில் பணியமர்த்தப்படுவர்." ஒரே வாக்கியம், மூன்று அடிப்படை. மூன்றையும் உருவுகிறேன், பாருங்கள். "தகுதி பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களை, தேவைப்படும்போது, ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுப்பார்கள்." என்ன சரிந்தது? ஒன்றும் சரியவில்லை. வாசிப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

"எல்லா இடத்திலும் புழங்குகிறதே, அதுதானே சொல்லின் வலு" என்று எதிரணியில் கேட்டார்கள். கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போய்க் கேளுங்கள். வானம் தோண்டியாச்சா என்பார்கள், கடைக்கால் போட்டாச்சா என்பார்கள், பேஸ்மட்டம் வரைக்கும் வந்தாச்சு என்பார்கள். குழி வேறு, குழிக்குள் எழும்புவது வேறு, தரைக்கு மேலே தெரிவது வேறு. பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சு அது. அத்தனைக்கும் ஒரே சொல்லை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் சுவர் நிற்காது.

ஆதாரம் என்ற சொல்லும் இதே வேலைக்கு வந்ததுதான். அது எவ்வளவோ ஊர் சுற்றிவிட்டது. வழக்கில் சான்று, நீராதாரம், வாழ்வாதாரம். ஆனாலும் போன இடமெல்லாம் சுமக்கிறது. ஆதாரம் இல்லையென்றால் வழக்கு விழும், வாழ்வாதாரம் போனால் குடும்பம் விழும். ஆகவே, பரவலாகப் புழங்குவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டுப் புழங்குகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. "அடிப்படையில் அவர் நல்லவர்தான்." இந்த வாக்கியம் அதோடு நிற்கிறதா? நிற்காது. அடுத்து ஓர் 'ஆனால்' வரும். ஆனால் கோபக்காரர், ஆனால் கடன் வாங்கினால் தர மாட்டார். "அவர் நல்லவர்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த மனிதர் நிமிர்ந்து நின்றிருப்பார். முன்னால் 'அடிப்படையில்' வந்ததும் கேட்பவர் உஷாராகிவிடுகிறார். தூக்கி நிறுத்த வேண்டிய சொல், நடுவர் அவர்களே, ஆளைத் தள்ளிவிடுகிறது!

மணி அடித்துவிட்டீர்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன். 'போர்க்கால அடிப்படையில் குழாய் சீரமைப்பு' என்று செய்தி வருகிறது. 'அவசரமாக' என்று எழுதாமல் அப்படி எழுதியதால் அந்தக் குழாயில் எது எதன் மேல் நிற்கிறது? அதைக் காட்டிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும்.